முக்கால் வேகத்தில் ஒரு குரல்

அத்தியாயம் 9

“அந்த அனௌன்ஸ்மென்ட் அண்ணாத்த இன்னிக்கு லீவா மேடம்?”

சமோசாவின் முனையைக் கடித்துக்கொண்டே பெஞ்சமின் கேட்டான். செங்கல்பட்டு ஜங்ஷனில், தாம்பரம் பக்கம் போகும் மின்ரயிலுக்காக இருவரும் நின்றிருந்தார்கள். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் பயணிகளின் கனிவான கவனத்தைக் கோரிக்கொண்டிருந்தது.

“எந்த அண்ணாத்த?” என்றாள் ஹம்சினி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதான் மேடம், நம்ம கேஸ் ரெக்கார்டுல வரலட்சுமி கொரலுக்குப் பின்னாடி ஒருத்தரு பேசிக்கினு இருப்பாரே. பாதித் தூக்கத்துல எழுப்பி மைக் முன்னாடி குந்த வெச்ச மாதிரி. நானும் டெய்லி இந்த ஸ்டேஷனாண்ட வந்துகினு கீறேன். அந்த மனுஷன் கொரலை ஒரு நாள் கூட கேட்டதில்ல.”

ஹம்சினி நிமிர்ந்தாள்.

அந்த வழக்கை முந்தின நாள்தான் முடித்திருந்தாள். முடித்துவிட்டதாக நினைத்திருந்தாள். செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் கஸ்தூரிரங்கன். அவருடைய மகள் விஷாகா அதே பள்ளியில் ஆசிரியை. விஷாகாவுக்கும் ஹேமந்த் என்ற பையனுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. ஒரு சாயங்காலம் ஹேமந்தின் அம்மாவுக்கு முகம் தெரியாத ஒருத்தி போன் செய்து, விஷாகாவின் நடத்தையைப் பற்றிக் கூசாமல் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாள். கல்யாணம் நின்றுபோனது. பேசியவள் யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி கஸ்தூரிரங்கன் ஹம்சினியின் துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார்.

அந்த அம்மாவின் போனில் அழைப்புகள் தானாகவே பதிவாகும். ஹேமந்த் அந்தப் பதிவை ஹம்சினிக்கு நேரடியாக அனுப்பினான். கனத்த, கரகரத்த, இழுத்து இழுத்துப் பேசும் ஒரு பெண்குரல். பின்னணியில் ரயில் நிலைய அறிவிப்பு. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் வரலட்சுமிக்கும் அதே கனத்த குரல், அதே நிதானம், ‘வூடு’, ‘கண்ணாலம்’ என்ற அதே பேச்சு. பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். போதாததற்கு, மதிப்பெண் பட்டியல் குளறுபடி ஒன்றில் விஷாகா அப்பாவிடம் சொல்லி அவளைத் திட்டு வாங்க வைத்திருந்தாள். குரல், இடம், கோபம் மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின.

ஆசிரியர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த அறையில் ஹம்சினி தன் லேப்டாப்பைத் திறந்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாள். வரலட்சுமி கடைசி வரை நின்று கேட்டாள். பிறகு, “எங்கொரலு மாதிரிதான் கீது. ஆனா நான் பேசலம்மா” என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. கஸ்தூரிரங்கன் அந்த இடத்திலேயே அவளை வேலையை விட்டு அனுப்பினார். சாப்பாட்டுப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் வெளியேறும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹம்சினி லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“இரு வர்றேன்” என்று அவள் விசாரணை ஜன்னலுக்கு நடந்தாள்.

“சார், இங்க ஆண் குரல்ல அறிவிப்பு எப்பப்போ வரும்?”

உள்ளே இருந்தவர் விசித்திரமாகப் பார்த்தார். “ஆம்பளை கொரலா? எல்லாம் பதிவு பண்ணி வெச்சதும்மா. எப்பவும் இதே அம்மாதான். எனக்கு வூட்டுல கூட அந்தம்மா பேசற மாதிரியே கேக்குது.”

ஹம்சினி பெஞ்சில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டி, லேப்டாப்பில் பதிவை ஓடவிட்டாள். பின்னணியில் அந்தத் தூங்குமூஞ்சி ஆண் குரல் கனிவான கவனத்தைக் கோரியது. ஒயரைக் கழற்றினாள். தலைக்கு மேலே அதே வாக்கியத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு பெண்குரல் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி மாட்டினாள். கழற்றினாள். மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை. இரண்டும் ஒரே பெண்மணி. பதிவுக்குள் இருந்தவள் மட்டும் இழுவையாகவும் கட்டைக்குரலாகவும் மாறியிருந்தாள்.

பின்னால் பேசியவள் குரல் மாறியிருந்தால், முன்னால் பேசியவள் குரலும் மாறித்தானே இருக்கும்?

“எங்கொரலு மாதிரிதான் கீது” என்று அந்தப் பெண் எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டாள்!

“பெஞ்சமின், பேசினது வரலட்சுமி இல்லை. யாரோ அந்தக் குரலைக் கட்டையாக்கி, மெதுவாக்கி அனுப்பியிருக்காங்க.”

பெஞ்சமின் சமோசாவைக் கீழே இறக்கினான். “அப்ப அந்தம்மாவ நாம சும்மாவே…?”

“சும்மாவே.”

ரயில் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.

“அந்த ஃபைல் ஹேமந்த் கிட்டயிருந்து நேரா எனக்கு வந்தது. நடுவுல வேற ஆளே கிடையாது. அவன் என்ன வேலை பார்க்கறான்னு சொன்னே?”

“நெம்மேலியாண்ட ஒரு ஸ்டூடியோ. கண்ணு தெரியாத காலேஜ் பசங்களுக்குப் பாடப் புஸ்தகத்தைப் படிச்சு ரெக்கார்டு பண்ணித் தர்றாங்க. இவுரு அதுல சவுண்டு பாக்குறாரு.” சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சமினின் கண்கள் விரிந்தன. “அடப்பாவி! கொரலை மாத்தறதே மாப்ளைக்குத் தொழிலா கீதே!”

“ஸ்டேஷன் ஸ்டாண்டுல விட்ட பைக்கை எடு.”

*

பெஞ்சமின் ஒரு காலத்தில் கேபிள் டிவிக்கு லைன் இழுத்தவன். இப்போது ஹம்சினிக்கு ஓட்டுநர், நிழல், கணினி நிபுணர், வாய் ஓயாத வானொலி எல்லாம் அவனே. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் சாலையில் வண்டி ஓடியபோதும் வானொலி நிற்கவில்லை.

“மாப்ளைக்குப் பொண்ணு புடிக்கல. அம்மாவாண்ட சொல்ல பயம். எவளையோ வுட்டுப் பேச வெச்சு, அவ மாட்டிக்கக் கூடாதுன்னு கொரலை மாத்தி உங்களுக்கு அனுப்பிட்டாரு. கேஸ் முடிஞ்சுது. நாம போய் அவரைப் புடிச்சுட்டு, அப்படியே மகாபலிபுரத்துல மீன் வறுவல் துன்னுட்டு வந்துடலாம்.”

ஹம்சினி லேப்டாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு மேடம். நான் மொத நாளே சொன்னேன். நீங்க சிரிச்சுட்டீங்க.”

“என்ன சொன்னே?”

“அந்தப் பொம்பள பேச்சு எங்க ஏரியா பேச்சே இல்லன்னு. ‘வேற ஒரு ஆளோட சுத்திக்கினு இருக்கின்றாள்’னு ஒரு இடத்துல வரும். எங்காளுங்க யாராச்சும் ‘இருக்கின்றாள்’னு பேசுவாங்களா? ‘சுத்திக்கினு கீது’ன்னு சொல்லணும். இது மேல பனியன், கீழ பஞ்சகச்சம். எவளோ வேஷம் கட்டியிருக்கா.”

அவன் சொன்னது உண்மைதான். முதல் நாளே இதைச் சொன்னான். அது அவனுடைய வழக்கமான நையாண்டி என்று நினைத்து ஹம்சினி சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். ‘வூடு’, ‘கண்ணாலம்’ என்று இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் தன் மனம் எங்கே போய் நின்றது என்று இப்போது யோசித்தாள். தாளாளரின் வீட்டுக்குப் போகவில்லை. ஆசிரியர் அறைக்குப் போகவில்லை. நேரே வரலட்சுமியின் மேஜைக்குப் போய் நின்றிருந்தது. எதிர்க்காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெஞ்சமின் கண்ணாடியில் பார்த்துவிடக் கூடாது என்றிருந்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியில் இருந்தது ஸ்டூடியோ. கதவில் ‘பதிவு நடக்கிறது, அமைதி’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பெஞ்சமின் செருப்பைக்கூடப் பூனை மாதிரி கழற்றினான்.

ஹேமந்த் ஒல்லியான, மெதுவாகப் பேசும் ஆள். ஹம்சினி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் நாற்காலிகளை இழுத்துப் போட்டான்.

“மேடம், நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். விஷாகா வீட்ல பேசிட்டீங்களா?”

“அதெல்லாம் பேசியாச்சு. இப்ப உங்ககிட்ட பேசத்தான் வந்தேன்.” ஹம்சினி உட்காரவில்லை. “அந்தக் குரலை எதுக்கு மாத்தினீங்க?”

“எந்தக் குரலை?”

“நடிக்காதீங்க ஹேமந்த். நீங்க பண்ணின வேலைல ஒரு அப்பாவிப் பொம்பளைக்கு வேலை போயிடுச்சு. நீங்க அனுப்பின பதிவுல குரல் கட்டையாக்கப்பட்டிருக்கு. உங்களுக்குத் தொழிலே அதுதானே?”

அவன் முகத்தில் திகைப்பு தெரிந்தது. பயம் தெரியவில்லை. “யாருக்கு வேலை போச்சு? எனக்கு ஒண்ணுமே தெரியாதே. அந்தப் பதிவைக் கொஞ்சம் போடுங்க மேடம்.”

ஹம்சினி லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டாள். கனத்த குரல் அறையை நிரப்பியது. ஹேமந்த் தலையைச் சாய்த்துக் கேட்டான். நெற்றி சுருங்கியது.

“இது யாரு?” என்றான்.

“அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன்!”

“இல்ல மேடம். வார்த்தையெல்லாம் நான் அனுப்பினதுதான். ஆனா இந்தம்மா யாரு? நான் அனுப்பினதுல இந்தக் குரலே கிடையாது.”

“அடடா, ஆஸ்கார் இவருக்குத்தான்” என்று பெஞ்சமின் முணுமுணுத்தான்.

ஹேமந்த் அதைக் கவனிக்கவில்லை. பதிவை மறுபடி ஓடவிட்டு, பின்னணி அறிவிப்பு வந்ததும் நிறுத்தினான். அவனுக்குள் இருந்த தொழில்காரன் விழித்துக்கொண்டான்.

“பாருங்க மேடம். எங்க பசங்க சில பேர் பாடத்தை வேகமாக் கேப்பாங்க, சில பேர் மெதுவாக் கேப்பாங்க. அதுக்கு நெட்டுல இலவசமாக் கிடைக்கற ஒரு கருவி வெச்சிருக்கோம். அதுல பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரைல ஒரு வரி கட்டளையைத் தட்டினாப் போதும். டெம்போன்னு போட்டா நேரம் மட்டும் நீளும், ஆள் மாறமாட்டார். அதே குரல், நிதானமாப் பேசும். பிட்ச்னு போட்டா நேரம் மாறாது, குரல் மட்டும் ஏறும் இறங்கும். ஆளே மாறிடுவார். ஸ்பீடுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா ரெண்டும் சேர்ந்து மாறும். பழைய டேப் ரெக்கார்டர்ல பேட்டரி தீர்ந்தா பாட்டு இழுக்குமே, அது மாதிரி. இதுல அதைத்தான் போட்டிருக்காங்க. நீளமும் ஆயிருக்கு, கட்டையும் ஆயிருக்கு.”

“சரி, போட்டது யார்?”

“ஆளை மறைக்கணும்னு நினைக்கறவன் இதைப் போடமாட்டான் மேடம். பிட்ச் மட்டும் மாத்துவான். பேச்சு இயல்பா இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்பீடைப் போட்டவனுக்கு ஏமாத்தற எண்ணம் இல்லை. அவனுக்கு மெதுவாக் கேக்கணும், அவ்வளவுதான். டெம்போன்னு அடிக்க வேண்டிய இடத்துல தெரியாம ஸ்பீடுன்னு அடிச்சிருக்கான்.” அவன் ஹம்சினியைப் பார்த்தான். “நீங்க யாராவது இதை மெதுவாக்கிக் கேட்டீங்களா?”



ஹம்சினி மெல்லத் திரும்பினாள். காலையிலிருந்து ஓயாத வானொலி நின்றுபோயிருந்தது. பெஞ்சமின் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெஞ்சமின்?”

“நீங்கதான் மேடம் கேட்டீங்க.” குரல் உள்ளே போயிருந்தது. “‘பட்டாசு மாதிரி பேசறா, ஒரு வார்த்தையும் எழுத முடியல, மெதுவாக்கிக் குடு’ன்னு. நீங்க ரோட்டுச் சத்தத்துல ரெண்டு செகண்டு கூட கேக்கல, எங்கிட்ட தூக்கிக் குடுத்துட்டீங்க. நெட்டுல பார்த்து முக்கால்னு நம்பர் போட்டேன். ஸ்பீடுன்னா வேகம்தானேன்னு அடிச்சேன். கொரலு மாறும்னு சத்தியமா தெரியாது. ஒரிஜினலும் அதே ஃபோல்டர்லதான் கீது. நீங்க அதைத் தொறக்கவே இல்ல. மெதுவாக்குனதையே ரெண்டு பேரும் மறந்துட்டோம்.”

ஹம்சினி திரையைப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் திறந்து திறந்து மூடிய ஃபைலின் பெயர் அங்கே இருந்தது: ‘குரல் மெதுவா’. அதற்கு மேலேயே ‘குரல்’ என்று இன்னொன்று.

ஏமாற்றுக்காரனைத் தேடிச் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை வந்திருக்கிறாள். அவன் அவளுடைய சொந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். சம்பளம் கொடுத்து, சொல்லிச் செய்ய வைத்தது அவளேதான். வந்த இடத்தில் இன்னொருவனையும் குற்றவாளியாக்கிக் குரலை உயர்த்தி ஆகிவிட்டது. ஹேமந்த் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் இப்போதுதான் உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க ஹேமந்த்.”

“பரவாயில்ல மேடம். முதல்ல ஒரிஜினலைக் கேளுங்க.”

அவனே அதை அழுத்தினான். ரயில் நிலையப் பெண்மணி தன் வழக்கமான குரலில் கவனத்தைக் கோரினாள். அதற்கு முன்னால், மெல்லிய, கீச்சென்ற, மூச்சுவிடாமல் பொரியும் ஒரு குரல்: “அந்தப் பொண்ணப் பத்தி நல்லா விசாரிச்சீங்களா? வேற ஒரு ஆளோட சுத்திக்கினு இருக்கின்றாள். இந்தக் கண்ணாலம் நடந்தா உங்க வூட்டு மானம் போய்டும், சொல்லிட்டேன்…”

ஹம்சினிக்குத் தெரிந்த குரல். தாளாளர் வீட்டில் இந்தக் குரல் அவளுக்குக் காபி கொடுத்திருக்கிறது. “சர்க்கரை போதுமா பாருங்கோ” என்று இதே படபடப்போடு கேட்டிருக்கிறது.

“விஷாகா!”

“ஆமா” என்றான் ஹேமந்த். “தன்னைப் பத்தித் தானே பேசியிருக்கா. அம்மாவுக்கு அவ குரல் அவ்வளவா பழக்கமில்லை. எனக்கு முதல் வரியிலயே தெரிஞ்சுடுச்சு.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

அவன் மைக்கின் ஒயரைச் சுருட்டி வைத்தான். “எப்படி மேடம் சொல்வேன்? என்னைக் கல்யாணம் பண்ணிக்கறதுக்கு இந்த அளவுக்கு விருப்பமில்லாத ஒரு பொண்ணு. அதை என்கிட்ட சொல்லக்கூட முடியாம, தன் பேரைத் தானே கெடுத்துக்கறா. அப்ப நான் எப்படி நடந்திருக்கேன்னு நினைச்சா எனக்கே கூசுது. அவங்கப்பா பதிவைக் குடு குடுன்னு நச்சரிச்சார். அவர்கிட்ட குடுக்க மனசு வரலை. நீங்க அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தவங்க, கேட்டதும் புரிஞ்சுப்பீங்க, பக்குவமாப் பேசுவீங்கன்னுதான் உங்களுக்கு அனுப்பினேன். ‘தயவுசெய்து தனியாக் கேளுங்க’ன்னு எழுதியும் இருந்தேனே.”

எழுதியிருந்தான். அதையும் அவள் படித்தாள். படித்துவிட்டு ஃபைலைப் பெஞ்சமினிடம் தள்ளினாள்.

கிளம்பும்போது ஹேமந்த் படி வரை வந்தான். “அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கணும் மேடம். ஆனா விஷாகா பேரை…”

“தெரியுது” என்றாள் ஹம்சினி.

வழியில் பெஞ்சமின் வண்டியை ஓரங்கட்டினான். “மேடம், நான் வேலைய வுட்டு நின்னுக்கவா?”

“நீ ஒரு வார்த்தைதான் தப்பா அடிச்சே. மீதி எல்லாம் என் வேலை. ஓட்டு.”

மீன் வறுவல் பற்றி யாரும் பேசவில்லை.

*

அன்று சாயங்காலமே ஹம்சினி சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய் வரலட்சுமியின் வாசலில் நின்றாள். நாளைக்குப் பள்ளிக்கு வரவேண்டும் என்றாள்.

“இன்னாத்துக்கு? இன்னொரு தபா போட்டுக் காட்டவா?”

“தப்பு பண்ணினது நான். அதைச் சொல்லத்தான்.”

வரலட்சுமி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அதே முகங்கள். கஸ்தூரிரங்கன் நடுவில் உட்கார்ந்திருந்தார். விஷாகா ஜன்னலோரம் விடைத்தாள்களைத் திருத்துவதுபோல் குனிந்திருந்தாள். வரலட்சுமியைக் காணவில்லை. ஹம்சினி காத்திருந்து பார்த்தாள். கஸ்தூரிரங்கன் பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைத் தட்டியபோது, கதவருகே ஒரு சாப்பாட்டுப் பை தெரிந்தது. வரலட்சுமி உள்ளே வரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

ஹம்சினி லேப்டாப்பைத் திறந்தாள்.

“முதல்ல ஒண்ணு கேளுங்க” என்று அழுத்தினாள். கனத்த, கரகரத்த, இழுவையான குரல் ஒன்று நாலு வரி பேசியது. “இது யார் குரல்?”

“வரலட்சுமிதான். சந்தேகமென்ன?” என்றார் ஒரு ஆசிரியர்.

“நான்தான். நேத்து என் அலுவலகத்துல உக்காந்து என் குரலையே பதிவு பண்ணி, ஒரு வரி கட்டளைல முக்கால் வேகத்துக்கு இறக்கினேன்.” ஒரிஜினலைப் போட்டாள். ஹம்சினியின் குரலே பேசியது. அறையில் ஒரு சலசலப்பு. “அன்னிக்கு நான் போட்டுக் காட்டினதும் இப்படித்தான். வந்த பதிவை எழுதிக்கறதுக்காக மெதுவாக்கினேன். மெதுவாக்கினதுல ஆள் மாறிட்டாங்க. ஒரிஜினலைத் திறந்து பார்க்கணும்னு எனக்குத் தோணலை. இந்த இடத்துல நின்னுண்டு, உங்க எல்லார் முன்னாடியும், வரலட்சுமியம்மா பேரைச் சொன்னேன். அவங்க பேசலைன்னு சொன்னாங்க. நான் நம்பலை. அந்த போனுக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

எல்லார் பார்வையும் தன் மேல் ஊர்வதை அவள் உணர்ந்தாள். அன்றைக்கு வரலட்சுமி மேல் ஊர்ந்ததும் இதே கண்கள்தான்.

கஸ்தூரிரங்கன் எழுந்தார். “அப்போ ஒரிஜினலைப் போடுங்கோ. பேசினது யாருன்னு தெரியணும்.”

“யாருன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா சொல்லமாட்டேன்.”

“உங்களை நியமிச்சது நான்!”

“என் வாயிலேர்ந்து இந்த ரூம்ல ஒரு பேர் வந்தது போதும்.”

“இதென்ன அநியாயமா இருக்கு! என் பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்தவ யாருன்னு…”

“நான்தான்ப்பா.”

மெல்லிய, கீச்சென்ற குரல். விஷாகா எழுந்து நின்றிருந்தாள். கையில் இன்னும் சிவப்புப் பேனா இருந்தது. “நான்தான் ஸ்டேஷன்லேர்ந்து பேசினேன். கல்யாணம் வேண்டாம்னு உங்ககிட்ட நேரா நின்னு சொல்லத் தைரியம் வரலை. அவாளே வேண்டாம்னு சொல்லிட்டா போறும்னு நினைச்சேன். வரலட்சுமியக்கா மாட்டுவான்னு நினைக்கவே இல்லை. மாட்டினப்புறமும்… சொல்லலை. இங்கேதான் உக்காந்திருந்தேன். சொல்லலை.”

கஸ்தூரிரங்கன் எதையோ பிடித்துக்கொள்ளத் தேடுகிறவர்போல மேஜை விளிம்பைத் தொட்டார். மகளைத் திட்டப் போகிறார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ மெல்ல உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

நிலைப்படியிலிருந்து வரலட்சுமி உள்ளே வந்தாள். விஷாகாவுக்கு எதிரில் நின்றாள்.

“உம்பேச்சுலயே பேசியிருக்கலாமேம்மா. ஏன் எம்பேச்சுல பேசினே?”

விஷாகா விடைத்தாள்களின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“அந்த மாரி அசிங்கத்தை எங்காளுங்க பேசினாத்தான் நம்புவாங்கன்னா?”

பேனா கீழே விழுந்து உருண்டது. விஷாகா முகத்தை மூடிக்கொண்டாள். ஹம்சினி தரையைப் பார்த்தாள். கேள்வி விஷாகாவுக்குத்தான். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே நம்பியது ஹம்சினிதான்.

“வரலட்சுமி, நாளைலேர்ந்து… இல்லே, இன்னிலேர்ந்தே வேலைக்கு வந்துடு” என்றார் கஸ்தூரிரங்கன், யார் முகத்தையும் பார்க்காமல். கொஞ்சம் நிறுத்தி, “வந்துடும்மா” என்று சேர்த்துக்கொண்டார்.

“யோசிச்சு சொல்றேன் சார்.”

அவள் வெளியே நடந்தாள். ஹம்சினி பின்னாலேயே ஓடினாள். பள்ளி வாசலில் பெஞ்சமின் வண்டியோடு நின்றிருந்தான். வரலட்சுமியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வரலட்சுமியம்மா, நான் வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க. செய்யறேன்.”

வரலட்சுமி நின்றாள். முதல் முறையாக ஹம்சினியை நேராகப் பார்த்தாள்.

“இங்க பத்துப் பேராண்ட சொல்லிட்டே. எங்க தெருவுல? என்னிய வேலைய வுட்டு ஏன் தூக்கினாங்கன்னு அங்க அல்லாருக்கும் தெரியும். எம்பொண்ணு ரெண்டு நாளா தண்ணி புடிக்கக் கூட போவல. அங்க வந்து யார் சொல்லுவா?”

“நான் வர்றேன்.”

“எப்போ?”

“இப்பவே.”

பைக்கைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு மூவரும் ரயிலில் போனார்கள். சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டிய தெருவுக்குள் நுழைந்தபோது, குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றிருந்தன. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீடுகளுக்குள்ளிருந்தும் சிலர் எட்டிப் பார்த்தார்கள். வரலட்சுமி குழாய் மேடை ஓரம் நின்று, பையைத் தோளில் சரி செய்துகொண்டாள்.

“இந்தம்மா ஏதோ சொல்லணுமாம்” என்றாள்.

ஹம்சினி குழாய் மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆசிரியர் அறையில் வந்த வார்த்தைகள் இங்கே வரவில்லை. இவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் தான் செய்தது இவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

“நான்… என் பேரு ஹம்சினி. வரலட்சுமியம்மா மேல நான் சொன்ன பழி…”

குரல் பாதியிலேயே கம்மிப் போனது. வரிசையின் கடைசியில் ஒரு பெண் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

“சத்தமா சொல்லும்மா” என்றாள் வரலட்சுமி. “பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல.”